கண்ணம்மா நடத்தும் இன்டர்வியூ

உள்ளறையில் மரக்கட்டைகள் சரிந்து விழுந்தன. வெளியறை நாற்காலியில் இருந்த ரோஷினி சட்டென்று எழுந்து உட்கதவை நோக்கி இரண்டடி வைத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து பித்தளைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கண்ணம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"உக்காரும்மா. வுழுந்தது கட்டை. புள்ள இல்ல."

"என் பொண்ணு தட்டிவிட்டுட்டாளோன்னு பயந்துட்டேன்க்கா."

"அது உம் பொண்ணு பண்ண சத்தம் இல்ல. உம் பொண்ணு உள்ள போயி இருவது நிமிசம் ஆவுது, ஒரு சத்தம் வரல. அதான் எனக்குக் கவலையா கீது."

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிற மாண்டிசோரி பள்ளி அது. கண்ணம்மாவுக்கு அங்கே பதினெட்டு வருட வேலை. பதிவேட்டில் ஆயா என்று இருக்கிறது. அப்படிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மூன்று வயதுக் குழந்தையும் கண்ணம்மா என்றே கூப்பிட வேண்டும். "பேரு வெச்சது கூப்புடறதுக்குத்தானே" என்பார்.

ஐம்பத்து நான்கு வயது. கண்ணாடி வளையல் கிடையாது, ரப்பர் வளையல்தான். கால் மெட்டியில் வெள்ளை நூல் சுற்றியிருக்கிறார், டைல்ஸ் தரையில் டக்கென்று ஒலிக்கக் கூடாதாம். பள்ளிக்குள் அவர் குரல் பக்கத்து ஆளைத் தாண்டாது. வீட்டில் அதற்கு நேர்மாறு. கணவர் எத்திராஜ், பாடி பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் நின்றவர், காது பாதி போய்விட்டது. "அந்தாளுகிட்ட உப்பு போதுமான்னு கேட்டா தெருவுக்கே கேக்கும். இங்க வந்தாதான் என் தொண்டைக்கு லீவு."

மாலையில் குழந்தைகள் கிளம்பும்போது ஒவ்வொரு சட்டைப் பையையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். குழந்தைகள் கோபுரமாக அடுக்குகிற இளஞ்சிவப்புக் கட்டைகள் மொத்தம் பத்து. பெரியது இரண்டு கையாலும் தூக்க வேண்டியது, சின்னது புளியங்கொட்டை அளவு. காணாமல் போவது எப்போதும் சின்னதுதான். எடுத்தவனைத் திட்டுவதில்லை. கையை மட்டும் நீட்டுவார். கட்டை தானாக அந்தக் கைக்கு வந்துவிடும்.

ஏப்ரல் மாதத்தில் அவருக்கு இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். அது யாரும் கொடுத்த வேலை இல்லை. சேர்க்கைக்கு வருகிற ஒவ்வொரு குழந்தையையும், பள்ளியை நடத்துகிற மைதிலி, ஓடிக்கொண்டிருக்கும் வகுப்புக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவைப்பார். உள்ளே மைதிலி பார்ப்பார். வெளியே கண்ணம்மா காதால் கேட்பார், கூடவே அம்மாவையும் பார்ப்பார். முடிந்ததும் மைதிலி படிவத்தோடு வந்து கண்ணம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

எல்லா முறையும் சரியாகச் சொன்னதாக அவரே சொல்வதில்லை. போன வருடம் அவர் தலையாட்டிச் சேர்த்த ஒரு பையன் இரண்டு மாதம் செருப்பு அலமாரிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தான். "அது என் தப்பு. அவன்கிட்டயே சொல்ட்டேன், நான்தான் அவசரப்பட்டேன் கண்ணுன்னு."

அம்மாக்களிடம் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். குழந்தை செருப்பைத் தானே கழற்றுமா? ஒன்றுக்கு வந்தால் சொல்லுமா? நீ விட்டுட்டுப் போறப்ப அதுகிட்ட சொல்லிட்டுப் போவியா? முதல் இரண்டுக்கும் ரோஷினி நன்றாகப் பதில் சொன்னாள். மூன்றாவதில் சிரித்துவிட்டாள்.

"சொன்னா அழுவாளேக்கா. பராக்குக் காட்டிட்டு நைஸா வந்துடுவேன். போன வருஷம் ஆவடில ஒரு க்ரெச்ல விட்டப்ப அப்படித்தான் பண்ணேன்."

"எத்தினி நாளு போச்சு?"

"ரெண்டு வாரம். அப்புறம் என்னைப் பாத்ரூமுக்குக்கூட விடல. நிறுத்திட்டோம்."

கண்ணம்மா அடுத்த தட்டை எடுத்தார்.

ரோஷினிக்கு ஊர் கரூர். வெள்ளானூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், சனி ஞாயிறுதான் வீடு. அம்பத்தூரில் உள்ள அவளுடைய மென்பொருள் நிறுவனம் ஜூன் முதல் நேரில் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. வராவிட்டால் வேலை இல்லை. இந்தப் பள்ளியில் ஜூனுக்கு மிச்சம் இருப்பது ஒரே இடம். அது போனால் அடுத்த சேர்க்கை விஜயதசமிக்குத்தான்.

உட்கதவு திறந்தது. மைதிலி, ரோஷினியின் மகள் ஆதிரையைக் கைபிடித்து அழைத்து வந்தார். இரண்டே முக்கால் வயது, இரட்டைக் குடுமி. வந்து நின்றதும் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டது.

"அரை மணி நேரமா இப்படியேதான் இருந்தா ரோஷினி. ஜக்குல தண்ணி ஊத்தறதைப் பார்க்கிறா, கட்டை அடுக்கறதைப் பார்க்கிறா. எதையுமே தொடலை. இன்னும் ஆறு மாசம் போகட்டுமேன்னு தோணுது."

ரோஷினி எழுந்தாள். "மேடம், அது அவ தப்பு இல்ல. நாங்கதான் பழக்கினோம். ஒரு மாசமா வீட்ல இன்டர்வியூ மாதிரி உக்கார வச்சு, கையைக் கட்டிக்கணும், ஸ்கூல்ல எதையும் தொடக் கூடாது, தொட்டா சேர்க்க மாட்டாங்கன்னு..."

"தொடறதுக்குத்தாம்மா இந்த ஊட்டையே கட்டி வெச்சிகீறாங்க" என்றார் கண்ணம்மா. குரலில் கேலி இருந்தது, கோபம் இல்லை. பிறகு மைதிலியிடம், "மேடம், புள்ளைய நீங்க பாத்துட்டீங்க. அம்மாவ ஒரு தபா பாத்துடலாமே" என்றார்.

மைதிலி படிவத்தை மூடி வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"இன்னா பண்ற, தெருமுனைல டீக்கடை கீது. போயி டீ குடிச்சிட்டு வா. புள்ள இங்க இருக்கட்டும்."

ரோஷினி மகளைப் பார்த்தாள். ஆதிரை தட்டில் தெரிந்த மின்விசிறியின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல சமயம். அவள் கைப்பையைச் சத்தமில்லாமல் எடுத்து, பக்கவாட்டில் நடந்து தெருக்கதவின் கைப்பிடியைத் தொட்டாள்.

"எங்க நைஸா நவுந்துகினு கீற?" கண்ணம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. "சொல்லிட்டுப் போ."

"அழுவாக்கா."

"அழட்டும். இங்க அழுவக் கூடாதுன்னு போர்டா போட்டுகீது?"

ரோஷினி திரும்பி வந்து மகளின் முன் மண்டியிட்டாள். சொல்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. பெற்ற குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல அவ்வளவு தைரியம் தேவைப்படும் என்று அவள் அதுவரை நினைத்திருக்க மாட்டாள்.

"ஆதிக்குட்டி, அம்மா டீ குடிக்கப் போறேன். குடிச்சிட்டு வந்துடுவேன். அப்புறம்... அம்மா உங்கிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்டா. இங்க எல்லாத்தையும் தொடலாம்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. "ம்மா போவாதே" என்று அழ ஆரம்பித்தது. ரோஷினி மண்டியிட்ட இடத்திலேயே ஒரு கணம் தவித்தாள். கண்ணம்மா அவளைப் பார்த்து மோவாயால் கதவைக் காட்டினார். அவள் எழுந்து போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ஆதிரை கதவுவரை ஓடியது. அதன்மேல் நெற்றியை வைத்து அழுதது. கண்ணம்மா தூக்கவில்லை, பொம்மை காட்டவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. தட்டைத் துடைத்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். நடுவில், "போயிருக்கு. டீ குடிச்சிட்டு வரும்" என்று மட்டும் சொன்னார். அழுகை கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது. குழந்தை திரும்பி, விசும்பிக்கொண்டே நாலு அடி நடந்து வந்தது. கட்டியிருந்த கைகளில் ஒன்று பிரிந்தது. அது கண்ணம்மா துடைத்து வைத்த தட்டின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. இழுத்து, பாவாடை நுனியால் தேய்க்க ஆரம்பித்தது. அழுகை நிற்கவில்லை. தேய்ப்பதும் நிற்கவில்லை.

மைதிலி கண்ணம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்போது தெருக்கதவு ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கில் ரோஷினியின் ஒரு கண், நீர் தளும்பிக்கொண்டு. அவள் டீக்கடைக்குப் போகவே இல்லை.

கண்ணம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தார். நாற்காலியில் விட்டுப்போயிருந்த ஆதிரையின் சின்னப் பையை எடுத்தார். சுவரில், குழந்தைகளின் உயரத்துக்குக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பைகள், கோடியில் ஒன்று மட்டும் காலி. அதில் பையை மாட்டி, வாரை இழுத்து நேராக்கினார். இடுக்கில் இருந்த கண் அதைப் பார்க்கும்வரை நின்றார்.

பிறகு கதவருகே போய், "டீ ஆறிடும், போ" என்று கிசுகிசுத்துவிட்டுச் சத்தமில்லாமல் சாத்தினார்.