அக்காவை அகதியாகச் சேர்க்க முடியுமா?

மழை விட்டது. மனுஷர்களின் பாடுதான் விடவில்லை.

போன வாரம் நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மண் சரிந்து வீடு இழந்தவர்களை அங்கே தங்க வைத்திருக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் கம்பளி கொடுத்தது. துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்... போனேன்.

அங்கேதான் செல்லம்மாவைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். கல்யாணமான புதிதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அரசாங்க ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர். இந்தியப் பிரஜை. இங்கேயும் தேயிலை பறித்தே காலம் போய்விட்டது. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. இப்போது வீடும் இல்லை.

பக்கத்தில் தங்கை ராஜேஸ்வரி. அக்கா கப்பலேறியபோது அங்கேயே நின்றுவிட்டவர். பிறகு சண்டைக்குப் பயந்து படகில் தப்பி வந்தவர். அன்றிலிருந்து கீழே சமவெளியில், அகதி முகாமில் வாசம். அக்காவுக்கு இடுப்பில் அடி என்றதும் முகாமில் அனுமதி வாங்கி ஓடி வந்திருக்கிறார். அந்த அனுமதி மறுநாளோடு முடிகிறது.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தி பிரஜை, ஒருத்தி அகதி. வந்தது கப்பலா, படகா – அவ்வளவுதான் வித்தியாசம்!

செல்லம்மா தணிந்த குரலில் கேட்டார்: "ஐயா, என்னையும் அகதின்னு சேத்துக்கிடச் சொல்லுங்களேன். இவகூடவே போயிர்றேன்."

பொறுப்பிலிருந்த அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர். பல நாள் தூங்காதது கண்ணில் தெரிந்தது.

"ஏனுங்க, சொந்த நாட்டுல எப்படிங்க அகதியாக முடியும்?" என்றார்.

சரி, தங்கையாவது இங்கேயே இருக்கட்டுமே? அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை. யார் யாருக்கோ போன் போட்டு, இன்னும் சில நாள் மட்டும் நீட்டித்து வாங்கினார். தொண்டு நிறுவனத்துப் பெண்ணும் கையை விரித்துவிட்டாள். கம்பளிதான் அவளால் முடிந்தது.

அந்தச் சில நாளும் ராஜேஸ்வரி அக்காவைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளி வராந்தாவில் பிடித்து நடக்க வைத்தார்.

நேற்று இருவரையும் என் காரில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். "சாப்பிடாம கெடக்காத அக்கா" என்று சொல்லிவிட்டு ராஜேஸ்வரி மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார். பஸ் வளைவில் மறைந்த பிறகும் செல்லம்மா காரில் ஏறவில்லை.

திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவளா போகலீங்க ஐயா."

எனக்குத் தெரியும் என்றேன்.

அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. ஹாலைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போவது என்று செல்லம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அகதிக்குச் சட்டம் இருக்கிறது, பிரஜைக்குச் சட்டம் இருக்கிறது... அக்கா தங்கைக்குத்தான் இல்லை போல!