மாட்டின் சொந்தக்காரர் பெயர்

லிந்துலைப் பக்கத்தில் ஒரு மாட்டு ஆஸ்பத்திரியில் நான் நாலு ஆண்டுகள் வேலை செய்தேன். கண்டிக்கு அருகே கால்நடைப் பயிற்சி முடித்ததும் அங்கேதான் முதலில் அனுப்பினார்கள். இரண்டு அறைகள், முன்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, அதில் மாட்டைப் பிடித்துக் கட்ட மரச் சட்டம். என் பொறுப்பில் இருந்தவை: நுண்ணோக்கி ஒன்று, இரத்தம் பூசிப் பார்க்கும் கண்ணாடித் தகடுகள் இரண்டு பெட்டி, ஊசிகளைக் கொதிக்க வைக்கும் சட்டி, மருந்து அலுமாரியின் சாவி, மூன்று பதிவுப் புத்தகங்கள். இவற்றோடு ஒரு வேலையும் இருந்தது. டொக்டர் சிங்களவர். தோட்டத்து மக்களுக்கான துண்டுப் பிரசுரங்களைத் தமிழில் நான்தான் எழுத வேண்டும்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மடி வீக்கம், கன்றுக் கழிச்சல், உண்ணி, கோமாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதினேன். என்ன நோய், எப்படித் தெரியும், வீட்டில் என்ன செய்யலாம், எப்போது எங்களிடம் வர வேண்டும் என்று நாலு பகுதி. எந்த வரியும் பத்துச் சொல்லைத் தாண்டாது. என் தகப்பனார் தோட்டப் பாடசாலையில் வாத்தியார். பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் கூட்டத்தில், யாராவது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருந்தேன். அதனால் கேட்பதற்கு ஏற்றபடி எழுதினேன்.

அந்த ஆண்டு மழைக்கு முன் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மைல் மேலே இருந்த ஒரு தோட்டத்தில் தொடங்கினோம். தோட்டத்தை நடத்தும் துரை பெரட்டுக்களத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஊசி போட்ட மாடுகளின் பட்டியலில் ஒரு பிரதி. டொக்டர் சரி என்றார். அதில் தப்பாக எதுவும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பிரசுரத்தை நான் எழுதினேன். கடைசி வரி இது: ‘மாட்டின் சொந்தக்காரர் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள்.’ ஊசி போட்ட பின் மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போய்ப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை பனி விலகவில்லை. நான் மேசை போட்டு உட்கார்ந்து, தாளுக்கு அடியில் கார்பன் வைத்துக் கட்டங்கள் போட்டேன். லயத்து வீட்டின் இலக்கம், சொந்தக்காரர், நிறம், வயது, சினையா இல்லையா. ஒன்பதாவதாக ஒரு செவலைப் பசு வந்தது. நெற்றியில் வெள்ளைக் கீற்று, ஐந்து மாதச் சினை. கயிற்றைப் பிடித்திருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். யார் மாடு என்று கேட்டதும் தங்கச்சி புருசன் பேரைச் சொன்னார். அவரும் பக்கத்தில்தான் நின்றார். கடைசியாக எப்போது கன்று போட்டது என்று அவரிடம் கேட்டேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். வயது கேட்டேன். மறுபடியும் பார்த்தார்.

எனக்கு அது ஒரு சின்னத் தவறைக் கண்டுபிடித்தது போல இருந்தது. “நெசமா யாரு மாடுக்கா?” என்றேன்.

“பேரு எதுக்குங்க மிஸ்? ஊசி மாட்டுக்குத்தானே, எங்களுக்கா?” என்றார். வரிசையில் சிரித்தார்கள். “அவளுக்கும் ஒண்ணு போடுங்க மிஸ், வாய் அடையட்டும்” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

நானும் சிரித்தேன். பிறகு பிரசுரத்தின் கடைசி வரிக்கான காரணத்தைப் பொறுமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மாட்டின் காதைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம் தன் பேரைச் சொன்னார். அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களில் இன்னும் ஆறு பேர் தங்கள் மாட்டின் உண்மையான சொந்தக்காரர் பேரைச் சொன்னார்கள். அன்று அறுபதுக்கு மேல் மாடுகள். என் பட்டியலில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. திரும்பும்போது டொக்டர் பிரதியைத் துரையின் அலுவலகமான தோட்டக் கந்தோரில் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இதுதான். தோட்டத்தில் மாடு வைக்கக் கந்தோரிலிருந்து ஓர் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். செக்ரோலில், தோட்டத்து வேலையாட்களின் பேரேட்டில், பேர் உள்ளவருக்குத்தான் துண்டு கிடைக்கும். வயது போனவர்கள், விழுந்து முடமானவர்கள், விதவைகள் ஆகியோரின் பேர் செக்ரோலில் வெட்டப்பட்டிருக்கும். அவர்களுடைய மாடு தம்பி பேரிலோ மருமகன் பேரிலோ நிற்கும். எல்லாருக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். யாரும் எழுதிக் காட்டியதில்லை. நான் எழுதிக் காட்டினேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குத் துண்டு வாங்கி மாடு வளர்க்க வேண்டி வந்ததில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார். மாட்டைக் கூட்டி வரவில்லை. ஏழு மாடுகளை மாசம் முடிவதற்குள் தோட்டத்தை விட்டு வெளியேற்றச் சொல்லிக் கந்தோரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்றார். மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததில் இடுப்பு போனது, அதோடு செக்ரோலில் பேரும் போனது, புருசன் அதற்கு முன்பே செத்துப் போயிருந்தார். தங்கச்சி வீட்டில் ஒரு மூலை. பசும்பால் கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவரின் தேத்தண்ணிக் கடைக்குப் போகிறது. அந்தப் பால் இருப்பதால்தான் அந்த மூலை இருக்கிறது. இதையெல்லாம் அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“நீங்க எழுதினதுதானே மிஸ். நீங்களே அடிச்சிருங்க.”

நான் அடித்தேன். புதிய தாளில் முழுப் பட்டியலையும் திரும்ப எழுதினேன். ஏழு பேருக்கும் பழைய பேர்களைப் போட்டேன். பயிற்சிக்குப் பின் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. எடுத்துக்கொண்டு தோட்டக் கந்தோருக்குப் போனேன்.

பெரிய கிளாக்கர் என் தகப்பனாரை அறிந்தவர். உட்காரச் சொன்னார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பழசு ரொம்பத் தெளிவா இருக்கும்மா. டொக்டர் கையெழுத்தும் இருக்கு. தொரை பார்த்துட்டாரு. இப்ப இது தப்புன்னு நான் சொன்னா, அப்ப எது சரின்னு கேப்பாரு.” என் தாளை மடித்து என்னிடமே நீட்டி, “இத்தன வருசம் எங்களுக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க?” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

டொக்டரிடம் சொன்னேன். சினைப் பசுவை அலைக்கழிப்பது நல்லதல்ல, கன்று போடும் வரையாவது விடுங்கள் என்று துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். தட்டச்சு செய்தது நான். மருத்துவக் காரணங்களாக மூன்று சொன்னோம். பதில் ஒரே வரியில் வந்தது. மாசம் முடிவதற்குள் என்றிருந்தது.

மாசத்தின் கடைசிக் கிழமையில் நானாவே ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தார். நானுஓயாவுக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சிங்களவர், காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் வழியில் எங்கள் கொட்டகையில் நிறுத்தினார்கள். ஊசி போட்ட இடத்தில் கழுத்தில் சின்னக் கட்டி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் கடைக்குப் போதுமான அளவுதான் வரும். மாட்டைப் பற்றி வாங்கியவரிடம் சொல்லச் சொல்ல, சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளை எடுத்துச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். இடப்பக்கம் உட்கார்ந்துதான் கறக்க வேண்டும். மழைத் தண்ணீர் குடிக்காது, மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீர் குடிக்கும். உரச் சாக்கைக் கண்டால் மிரளும். கன்று போட்ட முதல் மூன்று நாள் யாரையும் கிட்டே விடாது, பேசிக்கொண்டே போனால் விடும். வாங்கியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என்ன பேச வேண்டும் என்று கேட்டார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

“எதுவா இருந்தாலும் சரி. சத்தந்தான் வேணும்” என்றார் அந்தப் பெண்.

மாடு வளைவு திரும்பும் வரை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்று மைல் மேலே நடக்கத் தொடங்கினார். பஸ் வரும் வரை உட்காரச் சொன்னேன். தங்கச்சி வீட்டில் இனி எப்போது போய்ச் சேர்ந்தாலும் ஒன்றுதான் என்றார்.

அதற்குப் பிறகும் பிரசுரங்கள் எழுதினேன். பெரட்டுக்களத்தில் யாரும் அவற்றை வாசித்ததாகக் கேள்விப்படவில்லை. அடுத்த தடுப்பூசிக்கு அந்தத் தோட்டத்தில் பதினோரு மாடுகள்தான் வந்தன. மற்றவற்றைத் தேயிலைக்குள் ஓட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. யாருடைய மாடு என்று நான் கேட்பதை விட்டிருந்தேன். எந்தப் பேரை எழுதட்டும் என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்வி தேவைப்பட்டவர்கள் வரவே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். கையில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கான படிவம். தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. திருச்சிப் பக்கம் ஒரு சித்தப்பா மகன் இருக்கிறானாம், கண்ணால் பார்த்ததில்லையாம். படிவத்தை நிரப்பித் தரக் கேட்டார். தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று நான் சொன்னேன்.

“உங்க எழுத்துதான் மிஸ் தெளிவா இருக்கு. கந்தோர்ல ஒரு எழுத்து விடாமப் படிச்சாங்கள்ல” என்றார். குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

பேர், தகப்பன் பேர், பிறந்த தோட்டம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதினேன். தொழில் என்ற கட்டம் வந்தது. மாடு வளர்ப்பு என்று எழுதட்டுமா என்றேன்.

“வேணாம். அது எம் பேர்ல இருந்ததில்ல.”

கொழுந்து பறிப்பவர் என்று எழுதினேன். அதுவும் உண்மையில்லை, செக்ரோலில் பேர் வெட்டி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

கைநாட்டு வைக்கும்போது மைப்பெட்டி காய்ந்திருந்தது. அலுமாரியைத் திறந்து, குளம்புப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை எடுத்து, பஞ்சில் தொட்டு அவர் பெருவிரலில் தடவினேன். ரேகை நன்றாகப் பதிந்தது. கழுவினாலும் நாலைந்து நாளைக்குப் போகாது என்று சொன்னேன்.

“தெரியும் மிஸ். செவலைக்குக் கோமாரி வந்தப்ப ரெண்டு கையிலயும் இருந்துச்சு” என்றார்.