தந்தி இல்லாத கிட்டார்

மின்சாதனக் கடைகள் முண்டியடித்து நிற்கும் அந்தத் தெருவில் "வயர் அக்கா பட்டறை எது?" என்று கேட்டால் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள மாடியைக் கைகாட்டுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கல்யாணப் பத்திரிகையோடு நின்றுபோனது. கரகரக்கும் மைக், பேசாத ஒலிபெருக்கி, பாதிக் கட்டைகள் ஊமையான பொம்மைக் கீபோர்டு, எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் திறந்து, மோந்து பார்த்து, எங்கே கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வயரின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கும் பழக்கம் உண்டு. அதனால்தான் அந்தப் பெயர்.

ஊரில் உள்ள இசைப்பெட்டிகளையெல்லாம் பேசவைத்தவளால் பேசவைக்க முடியாத ஓர் ஆள் அவள் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய நாத்தனார்.

கணவனுக்கு மூத்தவள். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "எனக்கு ஆயிடுச்சு, மாப்பிள்ளை உறையில தூங்குறார்" என்று கிட்டார் பையைக் காட்டிச் சிரித்தவள். தம்பி இப்படியொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவள் சொன்னது தெருவுக்கே தெரியும். "மருமக வருவான்னு பார்த்தா, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்திருக்கான்!"

அந்த விரல்களில்தான் மூட்டுவாதம் வந்து உட்கார்ந்தது. இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக வீங்கின. இரும்புத் தந்தியை அழுத்தினால் எலும்புக்குள் ஊசி இறங்கியது. மருந்து வலியைக் குறைத்தது, வலுவைத் திருப்பித் தரவில்லை. ஒரு மத்தியானம் வயர் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, நாத்தனார் தரையில் உட்கார்ந்து, அவளுடைய கட்டிங் பிளேயரை எடுத்துக் கிட்டாரின் தந்திகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணி, பிளேயரை எடுத்த இடத்துல வச்சிடுங்க."

வேறு என்ன சொல்வது? அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பழுதுபார்க்கத்தான் தெரியும். அன்றைக்கே பொம்மைக் கீபோர்டு ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அவள் செய்ய நினைத்தது தந்தியே இல்லாத கிட்டார். கழுத்தில் தந்திக்குப் பதிலாகச் சின்னச் சின்னத் தகடுகள். அழுத்த வேண்டாம், தொட்டாலே போதும். இந்தக் கருவிக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்த விரல் எந்த இடத்தைத் தொட்டது என்ற சேதியை மட்டும் கணினிக்கு அனுப்பும். கணினி அந்தச் சேதியைக் கிட்டாராகவும் பாடும், வயலினாகவும் பாடும். இசைக்காரர்கள் 'மிடி' என்பது இதைத்தான். வெளியூர்க் கம்பெனிகள் செய்வதை வாங்க வேண்டுமென்றால் ஒரு பைக்கை விற்க வேண்டும். வயர் அக்கா பழைய கீபோர்டின் உள்பாகங்களையும் ஒட்டுப்பலகையையும் வைத்தே ஒப்பேற்றினாள். பலகை வேலை அவள் கணவனுடையது. அவன் மேசை நாற்காலி செய்கிற தச்சன்.

முதல் கருவியில் தொட்டதற்கும் ஓசை வருவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருந்தது.

"நான் இன்னிக்குத் தொட்டா இது நாளைக்குப் பாடும் போல" என்றாள் நாத்தனார்.

இரண்டாவதில் கழுத்து வெயிலில் வளைந்துபோயிற்று. "தந்தி இல்லாத கிட்டார், பல்லு போன சீப்பு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். ஆனால் வாயால் வைதுகொண்டே தினமும் மாடியேறி வந்து உட்கார்ந்தாள். பட்டறையில் மீறக்கூடாத சட்டம் ஒன்று உண்டு. முன்பு யாரோ ஒருவர் விரலிலிருந்து தெறித்த ஒரு பொறியில் ஒரு தட்டு நிறைய மின்னணுச் சில்லுகள் செத்துப்போனதிலிருந்து, சோதனை மேசையில் உட்கார்கிற எவரும் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டியாக வேண்டும். உடம்பில் தேங்கும் மின்சாரத்தை வயர் வழியாகத் தரைக்கு அனுப்பிவிடும் பட்டை அது. நாத்தனாருக்கும் விலக்கில்லை. "மாட்டைக் கட்டுற மாதிரி கட்டு" என்று முனகியபடி கையை நீட்டுவாள்.

எத்தனையாவது கருவி என்பது மறந்துபோன ஒரு நாளில், வீங்கிய விரல்கள் தகடுகளின் மேல் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தன. பட்டறை முழுக்க இசை நிறைந்தது. அங்கே வேலைக்கு வந்து சாலிடர் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். வாசித்து முடித்த நாத்தனார் கீழே இறங்கிப் போனாள். படிக்கட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அதே மாதிரியில் இன்னும் சில கருவிகள் செய்து, இசைப் பள்ளி ஒன்றுக்காகப் பெட்டிகளில் கட்டிவைத்தார்கள். அந்த வாரத்திலேயே நாத்தனாரின் பழைய மெல்லிசைக் குழுவின் மாஸ்டர் தேடிவந்தார். குழுவைக் கலைக்கப் போகிறாராம், கடைசிக் கச்சேரியாம். "ஒரே ஒரு பாட்டு. நீ வாசிக்கணும்" என்றார். நாத்தனார் தம்பி மனைவியைப் பார்த்தாள். "இவ மெஷின் கைவிடாம இருந்தா வரேன்" என்றாள்.

கைவிட்டது.

கச்சேரி தொடங்கச் சற்று முன்பு, அரங்கில் ஒலி சரிபார்க்கும் நேரம். நாத்தனார் மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதல் சுரத்தைத் தொட்டாள். வரவில்லை. மறுபடி தொட்டாள். ஒரு தொடுதலுக்கு இரண்டு தடவை வந்தது. அடுத்ததைத் தொட்டால் பக்கத்துத் தகடு கத்தியது. கீபோர்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரித்தாரா இல்லையா, தெரியாது. நாத்தனாருக்குச் சிரித்ததாகத்தான் பட்டது.

வயர் அக்கா ஓடிப்போய்க் கருவியை வாங்கினாள். பக்கத்தில் ஒலிக்கருவிகள் அடுக்கிய இரும்பு அடுக்கின்மேல் சாய்ந்தபடி வாசித்துப் பார்த்தாள். மணிமணியாகப் பாடியது! திருப்பிக் கொடுத்தாள். ஊமையாயிற்று. வாங்கினாள், பாடியது. கொடுத்தாள், ஊமை.

"போதும்" என்றாள் நாத்தனார். குரல் தரையில் கிடந்தது. "உன் கையில பாடுது. என் கையில பாடல. மெஷின்ல ஒண்ணும் இல்ல, என் கைதான் செத்துப்போச்சு."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி, பட்டறையில நல்லாத்தானே…"

"பட்டறையில வாசிச்சது நேத்து வரைக்கும் இருந்த கை. தம்பி, ஆட்டோ கூப்பிடுடா."

கணவன் மனைவியைத் தனியே இழுத்தான். "பிடிவாதம் பண்ணாத. அக்காவால முடியலங்கிறது உனக்குத் தெரியலையா? எல்லார் முன்னாடியும் அவமானப்படணுமா?"

"இன்னிக்கு இறங்கிட்டாங்கன்னா இனிமே கிட்டாரைக் கையால தொட மாட்டாங்க. அன்னிக்குப் பிளேயரை எடுத்தப்ப நீங்க பார்க்கல. நான் பார்த்தேன்."

வெளியே ஆட்கள் வந்து உட்காரும் நாற்காலிச் சத்தம் கேட்டது. திரை விழுந்திருந்தது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "முதல் பாட்டே உன்னோடதுதான், என்னம்மா சொல்ற?" என்று தவித்தார்.

நாத்தனார் எழுந்திருக்க முயன்றாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தாங்கிப் பிடிக்க வயர் அக்கா ஒரு கையால் அடுக்கைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அவள் தோளைப் பிடித்தாள். அந்த நேரத்தில் நாத்தனாரின் விரல் தற்செயலாகத் தகடுகளில் உரசிற்று.

கிட்டார் பாடியது. சுத்தமாக, தெளிவாக.

"திரும்பத் தொடுங்க" என்றாள் வயர் அக்கா. பாடியது. தோளிலிருந்து கையை எடுத்தாள். "இப்போ?" ஊமை. கையை வைத்தாள். பாடியது. அடுக்கை விட்டுவிட்டுத் தோளை மட்டும் பிடித்தாள். ஊமை.

வயர் அக்கா நாத்தனாரின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். எர்த் பட்டை! பட்டறையில் கருவியைத் தொட்ட ஒவ்வொரு கையிலும் அவள் போட்ட சட்டப்படி பட்டை இருந்தது. தரையோடு சேர்ந்த உடம்பை மட்டுமே பார்த்துப் பழகிய தகடுகள் அவை. இங்கே பிளாஸ்டிக் நாற்காலி, ரப்பர் செருப்பு, பேட்டரியில் ஓடும் மடிக்கணினி. எர்த்தோடு சேர்ந்திருந்தது அந்த இரும்பு அடுக்கு மட்டும்தான். நாத்தனாரின் உடம்பு மின்சாரக் கணக்கில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்குக் கட்டிய பட்டையே குறையை மூடிமறைத்துவிட்டது.

"உங்க கை இல்ல அண்ணி. தப்பு என்னோடது. பட்டை இல்லாம ஒருநாள்கூட நான் சோதிக்கல."

"என்னைச் சமாதானப்படுத்தாத."

"உங்களைச் சமாதானப்படுத்த என்னால ஆகுமா? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது ஆகியிருக்கா?"

நாத்தனாரின் உதடு லேசாகக் கோணியது. ஆனால் கண்கள் இன்னும் நம்பவில்லை.

ஒரு முழம் வயர் போதும், அவள் மணிக்கட்டையும் அடுக்கையும் இணைத்துவிடலாம். வயர் அக்காவின் பையில் டெஸ்டர் மட்டும்தான் இருந்தது. மேடையெங்கும் கண்ணோட்டினாள். உப்பு விற்கப் போனால்தானே மழை வரும்! இருந்த வயர்களெல்லாம் ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டப்பட்டு ஒவ்வொரு கருவிக்குள்ளும் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கக் குனிந்தவளைப் பார்த்து ஒலிக்காரர், "அம்மா தாயே, அதுல கை வச்சா மொத்தமும் போயிடும்!" என்று அலறினார்.

"மாஸ்டர், தொடங்கலாம்" என்றாள் வயர் அக்கா.

"என்னடி சொல்ற?" என்றாள் நாத்தனார்.

"செருப்பைக் கழட்டுங்க அண்ணி."

டெஸ்டரை எடுத்து அடுக்கின் இரும்பில் வைத்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. கசிவு இல்லை. நாத்தனாருக்கு முன்னால் இருந்த பெரிய ஒலிபெருக்கிக்குப் பின்னே, பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல், மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது கையை நீட்டி அடுக்கைப் பற்றினாள். வலது கையால் நாத்தனாரின் வெறுங்கணுக்காலைப் பிடித்தாள்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "காலைப் பிடிக்க உனக்கு இன்னிக்குத்தான் தோணுச்சா?"

"பேசாம முன்னாடி பாருங்க. திரை தூக்குறாங்க."

வெளிச்சம் பாய்ந்தது. மாஸ்டர் கையசைத்தார். தாளம் எழுந்தது. கிட்டார் நுழைய வேண்டிய இடம் வந்தது. வயர் அக்கா கணுக்காலை இறுக்கிப் பிடித்தாள்.

நுழைந்தது. மழைக்குப் பிறகு ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்போல ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. அரங்கு அமைதியாயிற்று.

ஆனால் கலைஞர்களின் கால் சும்மா இருக்குமா? பாட்டில் கரைந்ததும் நாத்தனாரின் பாதம் பழைய வழக்கப்படி தாளம் போடத் தொடங்கியது. பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. பாதம் எம்பியது, பிடி நழுவியது. ஒரு சுரம் விழுங்கப்பட்டது! கீபோர்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். வயர் அக்கா பாய்ந்து இரண்டாம் முறை பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்கு அழுத்தி, காலைத் தரையோடு சேர்த்தாள். மேலே, நாத்தனாரின் முகம் வெளிறிப்போயிருந்தது. அடுத்த சுரத்தின் மேல் விரல் தயங்கித் தொங்கியது. தொடுவாளா, விட்டுவிடுவாளா?

"நான் பிடிச்சிருக்கேன்" என்று கீழிருந்து சொன்னாள் வயர் அக்கா. தாளச் சத்தத்தில் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் விரல் இறங்கியது. இசை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கால் அதன்பிறகு அசையவில்லை.

கையின் வலி தாங்காமல் அண்ணாந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். நாத்தனாரின் மற்ற விரல்கள் ஓடிக்கொண்டே இருக்க, கட்டைவிரல் மட்டும் கழுத்தின் பின்புறத்தில் ஊன்றியபடியே இருந்தது. மேலும் கீழும் நகர்ந்தது, ஒருபோதும் விலகவில்லை. அங்கே ஒரு தகட்டை ஒட்டி உள்ளே கருவியோடு இணைத்துவிட்டால்? பட்டையும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் காலையில் பிரிக்க வேண்டும், பள்ளிக்காரர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், வசவு வாங்க வேண்டும். வாங்கிக்கொள்ளலாம். அவள் அங்கேயே, மண்டியிட்ட நிலையிலேயே, தகட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்தாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. மாஸ்டர் தோள் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஓரத்தில் நின்ற கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான், தோள் மட்டும் குலுங்கியது. கூட்டத்திலிருந்து "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று குரல்கள் எழுந்தன.

நாத்தனார் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

"கீழ இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. கை மரத்துப் போச்சு."

"எனக்கு மரக்கலடி" என்றாள் நாத்தனார். "இத்தனை நாளா செத்துக் கிடந்த கை, இன்னிக்குத்தான் மரக்கல."

வயர் அக்கா அடுக்கின்மேல் இருந்த கையை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி பற்றினாள்.

"வாசிங்க."