முனியப்பன் பங்கு

குடியை நிறுத்த வேண்டும் என்று குடிக்கிற சாமியிடமே போய் வேண்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. என் மாமியாருக்கு அதில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் முனியப்பனுக்குக் கிடா வெட்டினால் கூடவே சுருட்டும் பிராந்தி பாட்டிலும் வைத்தாக வேண்டும். மகன் குடியை விட்டால் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தார். மகன் விட்டுவிட்டார். ஆகவே பாட்டில் வாங்க வேண்டும்.

மகன் என்றால் என் கணவர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். பாறையைத் துளைக்கிற சத்தம் படுத்த பிறகும் காதில் கேட்கிறது என்று குடிக்க ஆரம்பித்தவர், சத்தமே இல்லாத எங்கள் வீட்டிலும் குடித்தார். காலையில் கைநடுக்கம் நிற்பதற்கே குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திமிர் என்று நான் நினைத்திருந்ததை டாக்டர் நோய் என்றார். நான் பாதிதான் நம்பினேன்.

அங்கே கவுன்சலிங் செய்கிற அம்மா ஒருவர் என்னைத் தனியாக உட்கார வைத்தார். "அவர் வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"சட்டைய மோந்து பாப்பனுங்க."

அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பாக்கு போட்டு வந்தாலும், வெங்காயம் கடித்து வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவி என் மூக்குக்கு முன்னால் ஒன்றுமில்லை.

"அதை நிறுத்திப் பாருங்க. அவர் குடிச்சாரான்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை இல்ல. பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாய் திறந்து சொல்லுங்க. அவர்கிட்டயும் அதையே சொல்லியிருக்கேன்" என்றார் அந்த அம்மா.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. குடித்தது அவர், பாடம் எனக்கா? பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ரிக்குக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். வழியில் பார்க்கிறவர்கள் என்னிடம் கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டி, "இப்ப எப்புடிங்க?" என்பார்கள். வாயால் கேட்க மரியாதை தடுக்கும் போலிருக்கிறது. சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் நான் சட்டையை எடுப்பேன். கோழித்தீவன வாடைக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். இருக்காது. அடுத்த நாளும் தேடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் கிடாவெட்டு வந்து நின்றது. படையல் முடிந்ததும் பூசாரி பாட்டிலிலிருந்து கொஞ்சம் சாமிக் கல்லின்மேல் ஊற்றிவிட்டு, மீதியை யாருக்காக வேண்டுதலோ அவர் கையில்தான் முதலில் கொடுப்பார். அது முனியப்பன் பங்கு. வாங்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. ஒரு வாய் இறங்கினால் போதும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"பாட்டிலுக்குப் பதுலா எளநி வச்சுக்கலாமுங்களா அத்தை?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எளநி குடிக்கற சாமியா கண்ணு அது?" என்றார் மாமியார். "உம் புருசன் பொழச்சு வந்ததே அவரு குடுத்த உசுரு. சாமியோட வெளையாடாத."

என் கணவர் தன் தம்பியைப் பாட்டில் வாங்கி வரச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கோயில் என்றால் கட்டடம் இல்லை, காட்டுக்கு நடுவில் ஒரு வேப்பமரமும் கல்லும்தான். படையல் முடியும்வரை பெண்கள் கிட்டே போகக் கூடாது. அதனால் அடுப்புப் பக்கம் மிளகாய் அரைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தெளித்ததும் கிடா சிலிர்த்துச் சம்மதம் சொன்னது தெரிந்தது. பிறகு ஆண்கள் வட்டமாக நின்று மறைத்துக்கொண்டார்கள். பாட்டில் யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை. அவ்வளவு பேர் முதுகையும் அன்றைக்கு மனதாரத் திட்டினேன்.

அவர் வெளியே வந்தபோது நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் வரும் முன்பே பிராந்தி வாடை வந்துவிட்டது. கொழுந்தன் உடன்தான் நின்றிருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு வண்டியில் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பாமலே கேட்டார். "மோந்து பாக்கலையா புள்ள?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"எங்கையிலதான் குடுத்தாரு. வாங்கி அப்புடியே கல்லு மேலயே கவுத்துட்டேன். பாதி சட்டையில ஊத்திருச்சு. கை நிக்கல." வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "பயமா இருந்துச்சு புள்ள."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

"எனக்குந்தானுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், வாடையை மறைக்கச் சொன்ன கதையாகவும் இருக்கலாம். சட்டையில் ஊற்றியிருந்தால், அதற்குப் பின்னால் மூச்சில் இருப்பதைப் பிரித்துச் சொல்ல என் மூக்காலும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, கொடியில் போடாமல் என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். ஈரம் இன்னும் காயவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியில் சோப்புத் தூளைப் போட்டுக் கரைத்து, சட்டையை அதில் முக்கினேன்.