பெல்ட்டக்கா பறக்கவிட்ட விமானம்

ஊரிலுள்ள பதினோரு ஜிம்களில் எதில் டிரெட்மில் மக்கர் செய்தாலும் கூப்பிடுவது பெல்ட்டக்காவைத்தான். நாற்பத்திரண்டு வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மோட்டார் பட்டறையில் சேர்ந்தவள். "மெக்கானிக் வரலையா?" என்று புதிதாக யாராவது கேட்டு முடிப்பதற்குள் மிஷினின் மூடியைக் கழற்றித் தரையில் வைத்திருப்பாள்.

ஒரு நாள் காலை, மாடி ஜிம் ஒன்றில் புது பெல்ட் மாட்டி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷினில் வியர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தார் கல்லூரியில் கணக்கு எடுக்கும் பேராசிரியர். அவருடைய நண்பர் பல் டாக்டர் ஒரு கேள்வியைப் போட்டார்.

"பெரிய டிரெட்மில் மேல விமானத்த நிறுத்தி, அது முன்னால போற அதே வேகத்துல பெல்ட்ட பின்னால ஓட்டினா, எழும்புமா?"

"எப்படிய்யா எழும்பும்? அரை மணி நேரமா நடக்கிறேன், ஒரு அடி நகர்ந்தேனா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எழும்பும் சார்," என்றாள் தரையிலிருந்து பெல்ட்டக்கா. "நீங்க காலால பெல்ட்டத் தள்ளுறீங்க. விமானம் காத்தத் தள்ளுது. சக்கரம் சும்மா உருளத்தானே செய்யுது?"

"ஏம்மா, உங்களுக்கு பெல்ட் தெரியும். விமானம் தெரியுமா? ஏறியாவது இருக்கீங்களா?"

ஏறியதில்லை. முகம் சுருங்கியது. ஆனாலும் ரிப்பேர் சாமான் வைக்கும் தன் சின்னச் சக்கர வண்டியைத் தூக்கி ஓடும் பெல்ட்டின் மேல் வைத்து, ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டாள். வேகத்தை இரண்டு மடங்காக்கினாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. "பாருங்க சார், பெல்ட் ரெண்டு மடங்கு ஓடினாலும் பிடிக்க அதே ஒரு விரல்தான்."

"விரல் வேற, விமானம் வேற," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார் பேராசிரியர்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொம்மைக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் விடுவாளா?

"என்ன அண்ணி, மூஞ்சி உம்முனு இருக்கு?"

நடந்ததைக் கேட்டவள் மறுநாளே கடையிலிருந்து ஒரு விமானத்தோடு வந்து நின்றாள். தெர்மாகோல் உடம்பு, பேட்டரியில் சுழலும் முன்விசிறி, மூன்று குட்டிச் சக்கரங்கள். "ஓட்டறது நான், ஜெயிக்கிறது நீங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் கூட்டம் கூடிவிட்டது. முதலில் வெறும் தரையில் ஓட்டினார்கள். ஒரு மீட்டர் ஓடி எழும்பியது. அதன் வேகத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் பேராசிரியரேதான். மிஷினின் முன்னாலிருந்த கைப்பிடியையும் பொத்தான் பலகையையும் பெல்ட்டக்கா கழற்றி ஓரமாக வைத்தாள். அந்த வேகத்தில் பெல்ட்டை எதிர்த்திசையில் ஓடவிட்டார்கள்.

நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். விமானம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பேராசிரியரின் ஷூ மேல் விழுந்தது.

"நான்தான் சொன்னேனே!" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

பெல்ட்டக்கா பதறவில்லை. விமானத்தைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு சக்கரத்தையும் நகத்தால் சுண்டினாள். இரண்டு சுற்றின; இடது சக்கரம் முரண்டு பிடித்தது. அச்சில் ஒரு தலைமுடி சுருண்டிருந்தது. டிரெட்மில் உருளைகளில் தினம் தினம் பிடுங்குகிற சனியன்தான்! இடுக்கியால் உருவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள்.

"இப்ப விடு."

விசிறி சீறியது. வால் பக்கம் பிடித்திருந்த விரலை அவள் எடுத்தாள். பெல்ட் பின்னால் பாய, சக்கரங்கள் தலைதெறிக்கச் சுழல, விமானம் அதையெல்லாம் சட்டையே செய்யாமல் முன்னால் போனது. பெல்ட் முடிய ஒரு சாண் இருக்கும்போது மூக்கைத் தூக்கி எழும்பியது! கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போய், விளக்குகளுக்குக் கீழே ஒரு வட்டமடித்துப் பாயில் இறங்கியது. பல் டாக்டர் விசிலடித்தார்.

பேராசிரியர் குனிந்து அளந்தார். "தரைல ஓடினதுக்கும் இதுக்கும் நாலு விரல்தான் வித்தியாசம்," என்றவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடதும்மா. நாளைக்கு என் வகுப்புல இதைச் செஞ்சு காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

"வரேன் சார். அங்க மிஷின் இருக்கா?"

"இருக்கு. ஆனா ரிப்பேர்."

"அது என் பாடு."

மறுநாள் அறுபது மாணவர்கள் முன்னால், தானே சரிசெய்த மிஷினின் அருகில் நாத்தனாரோடு அவள் நின்றாள். எழும்பாது என்று ஐம்பது கைகள் உயர்ந்தன. விமானம் அந்தக் கைகளுக்கு மேலேயே பறந்து போனது. அறை அதிர்ந்தது. கைதட்டல் ஓயும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்திருந்த பெல்ட்டக்கா, வேகப் பொத்தானில் விரலை வைத்தாள்.

"இன்னும் வேகமா ஓட்டிப் பாக்கலாமா?"