ஹனானுக்குச் சொன்ன பத்தியம்

பெர்னடெற்றின்ர வாய்க்குப் பயப்பிடாத நோயாளி அந்த டயலிசிஸ் வார்ட்டில ஒருத்தரும் இல்லை. மன்னாரில பிறந்து, வெளிநாட்டில பார்க்கிங் எண்ட ஊரில குடியிருக்கிற நேர்ஸ். சிறுநீரகம் பழுதானவையின்ர இரத்தத்தை மெஷினில விட்டுக் கழுவி எடுக்கிறதுதான் அவவின்ர சீவியம். "சபாரத்தினம் அண்ணை, திரும்பவும் வாழைப்பழம் திண்டனீங்களோ? பொட்டாசியம் ஏறி இதயம் நிண்டுதெண்டால் என்னட்டை வராதேங்கோ!" எண்டு பேசுவா. பேச்சு வாங்கின கிழவன் சிரிப்பார். சிரிக்கலாம்தானே, அவருக்குக் கிழமைக்கு மூண்டு தரம் மெஷின் இருக்கு.

அதே வார்ட்டில உதவியாளரா வேலை செய்யிறவ சமர். காசாவில இருந்து வந்தவ. அங்கையே இருக்கிற அவவின்ர தங்கச்சி ஹனானுக்கும் இரண்டு சிறுநீரகமும் போச்சு. சண்டைக்கு முதல் அங்கையும் கிழமைக்கு மூண்டு தரம்தான். பிறகு ஆசுபத்திரி இடிஞ்சு, மிஞ்சின மெஷினுக்குச் சனம் வரிசையில நிண்டு, இப்ப கிழமைக்கு ஒருக்கால், அதுவும் இரண்டு மணித்தியாலம். வெளிநாட்டுக்கு அனுப்பினால் தப்பலாமெண்டு டொக்டர்மார் எழுதிக் குடுத்துக் கனகாலம். அனுமதி வரேல்லை. எல்லைக் கதவு திறந்தால்தானே ஆள் வெளியில வாறது! நாசமாப்போன கதவு.

பெர்னடெற்றுக்கு இந்தக் கதை புதிசில்லை. வன்னிச் சண்டையில அவவின்ர அண்ணை செத்தது காயத்தால இல்லை, காயத்துக்குப் போட மருந்தை உள்ளுக்கு விடாததால. அதாலதான், "தங்கச்சியோட நான் கதைக்கிறன், லைன் கிடைச்சால் கூப்பிடு" எண்டு சமரிட்டைத் தானாச் சொன்னவ.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு அறையில இருக்கேக்க லைன் கிடைச்சுது. போனில ஹனானின்ர முகம் வீங்கி, கண் இரண்டும் கீறாக் கிடந்தது. சமர் நடுவில இருந்து அரபியில மாத்திச் சொன்னா.

"என்ன சாப்பிடுறா எண்டு கேள்."

"பருப்பு. தகரத்தில வாற பீன்ஸ். நிவாரணத்தில அதுதான் வருதாம்."

"பருப்போ! அதிலயும் பொட்டாசியம்தானே, விசரே அவவுக்கு?" பழக்கதோசத்தில பெர்னடெற்றின்ர வாய் திறந்திட்டுது. "அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, திருப்பி வேற தண்ணியில அவிக்கச் சொல்லு."

ஹனான் கோவிக்கேல்லை. குடும்பம் முழுக்கக் குடிக்கவே ஒரு கான் தண்ணிதானாம், ஊத்திறதுக்கு எங்க போறது எண்டு கேட்டா. பிறகு பருப்புக் கோப்பையைத் தூக்கிக் காட்டினா. நேற்று முழுக்கப் பட்டினி, இண்டைக்குக் கிடைச்சது இதுதான், அடுத்த மெஷின் வெள்ளிக்கிழமை.

"நேர்ஸ் சொல்லட்டுமாம்," எண்டா சமர். "சாப்பிடவோ, விடவோ?"

சாப்பிட்டால் நஞ்சு. சாப்பிடாட்டி உடம்பு தன்னைத்தானே திண்டு, அதே நஞ்சை இரத்தத்தில விடும். பெர்னடெற் படிச்ச படிப்பில மூண்டாவது வழி இல்லை. சமர் அவவின்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா.

"சாப்பிடச் சொல்லு," எண்டா பெர்னடெற்.

இவையள் பாக்கப் பாக்க ஹனான் கோப்பையை வழிச்சு ஆசையாச் சாப்பிட்டா. வியாழக்கிழமை விடிய இதயம் நிண்டுபோச்சு.

திங்கட்கிழமை சமர் வேலைக்கு வந்தா. உடுப்பு மாத்திற அறையில பெர்னடெற்றைக் கண்டதும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதா.

"அம்மா உனக்கு நன்றி சொல்லச் சொன்னவ," எண்டா. "நீ சொன்னபடியால அவள் பயமில்லாமல் வயிறாறச் சாப்பிட்டவளாம்."

பெர்னடெற் அந்தக் கையை விலக்கவும் ஏலாமல், அந்தப் பருப்பின்ர உண்மையைச் சொல்லவும் ஏலாமல் நிண்டா.