வேலியோரக் கொடிக்கு வரன் தேடிய கதை

கொடி தேடுகிறவர் வேலியோரம் ஒரு நிமிஷம் நின்றால் போதும், போகிற வருகிற எல்லோரும் நின்று, என்ன தொலைந்துபோச்சு என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். செடி, பூச்சி, பறவை என்று எதையாவது கணக்கெடுக்கக் கிளம்பி, ஊருக்கு விளக்கம் சொல்லியே பொழுது சாய்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். கொடைக்கானலில் தாட்பூட் பழம் என்று பேஷன் ஃப்ரூட்டை விற்கிறார்களே, அந்தக் கொடியின் காட்டுச் சொந்தங்கள் சமவெளியில் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வரைபடத்தில் குறிப்பது என் வேலை.

சொல்லக் கூசிய பெயர்

முதல் இரண்டு வருஷமும் கண்ணில் பட்டது ஒரே வகைதான். வெளிநாட்டிலிருந்து வந்து நம் வேலிகளில் குடியேறியது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதா. பாசி மாதிரி ஒரு வலைக்குள் மஞ்சள் பழம். இலையைக் கசக்கினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். என் படிவத்தில் 'உள்ளூர்ப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கொடியைக் காட்டிப் பெயர் கேட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

கட்டம் காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் அவர்களில் தைரியசாலியான செல்வமேரி நிமிர்ந்து, 'பூனைப்புடுக்கு' என்றாள். பேனாவை வைத்துக்கொண்டு நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "எழுதுங்க டீச்சர். பேரு வச்சவனும் வெக்கப்படல, பூனையும் வெக்கப்படல. நமக்கு என்ன வந்துச்சு?"

ஆயக்குடிப் புழுக்கள்

ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பின் வேலி முழுக்க இதே கொடி. இலை தெரியாதபடி முள்முள்ளாகச் செம்பழுப்புப் புழுக்கள். தோப்புக்காரர் பழனிச்சாமி மருந்தடிக்கும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். புழு நாளைக்குக் கொய்யாவில் ஏறிவிடும் என்று அவருக்குப் பயம். இவை கொய்யாவைத் தொடாது, சிவப்புப் பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிடும் என்றேன். படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்பது போலப் பார்த்தார். நாலு புழுவையும் கொய்யா இலையையும் ஒரு ஜாடியில் போட்டுக்கொடுத்து, நீங்களே பாருங்கள் என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போனபோது தெளிப்பான் சுவரில் தொங்கியது. கொய்யா இலையில் ஒரு கடிகூட இல்லை. பட்டினியில் வாடிய நாலு புழுக்களையும் அவரே கொடியில் கொண்டுபோய் விட்டிருந்தார். "ஏனுங்க, இத்தனை வருசமாச் சாட்சியே விசாரிக்காமத் தண்டனை குடுத்துப்போட்டனுங்க" என்றார்.

கரட்டில் ஒரு ஒண்டிக்கட்டை

இந்தக் குடும்பத்தில் நம் மண்ணுக்கே உரிய கொடி ஒன்று பழைய புத்தகங்களில் இருந்தது, கண்ணில்தான் படவில்லை. நாலாவது வருஷம் வத்தலக்குண்டு சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பாறைக்கரட்டில் அது கிடைத்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

மகிழ்ச்சி சாயங்காலம் வரைதான். இந்த வகையில் பப்பாளி போல ஆண் தனி, பெண் தனி. நான் கண்டது ஆண் கொடி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் பெண் கொடி தேடி ஒவ்வொரு கரடாக ஏறி இறங்கினேன். பாதுகாக்க வேண்டிய கொடிகளின் பட்டியலில் சேர்க்கலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். கோபமில்லாமல்தான் சொன்னார்: "ஒத்த ஆண் கொடியை வச்சுக்கிட்டு இந்த இனம் இருக்குன்னு எழுத முடியாதும்மா. இருந்துச்சுன்னு வேணா எழுதலாம்."

எரியோட்டில் இறங்கினேன்

ரெண்டாயிரம் பிறந்துவிட்டது. ஒருநாள் எரியோடு தாண்டி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே ஒரு கிளுவை வேலியில் அந்த இலையைப் பார்த்தேன். வேலியை ஒருவர் வெட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். என் கூச்சலில் அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். லென்ஸில் பார்த்தேன். பெண் பூ. மூன்று தடவை பார்த்தேன், பெண் பூவேதான்.

அவர் பெயர் ஆண்டிச்சாமி. கிளுவையை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பிவேலி போடப் போகிறாராம். இந்தக் கொடி வருஷா வருஷம் பூக்கும், ஒருநாளும் காய்த்ததில்லை, எதற்கும் ஆகாது என்றார். ஏன் காய்க்கவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் மனைவி காளியம்மாளும் வந்து நின்று கேட்டுக்கொண்டார். இருவரும் தள்ளிப்போய் என்னவோ பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து ஆண்டிச்சாமி சொன்னார்: "ஒரு கொடிக்காகத் தாயி பஸ்ஸ விட்டு எறங்கி இம்புட்டுத் தூரம் ஓடியாந்திருக்கு. அந்த எட்டடிய விட்டுட்டே கல்லு ஊண்டுறேன்."

டிபன் பாக்ஸ்

அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு காளியம்மாள் ஊரிலிருந்த ஒரு கடையிலிருந்து எனக்குப் போன் செய்து, பூ விட்டாச்சு என்றார். மறுநாள் விடிந்ததும் கரட்டில் ஏறினேன். ஆண் கொடியும் பூத்திருந்தது. பூக்களை ஈரத்துணியில் பொதிந்து டிபன் பாக்ஸில் அடைத்து, ரெண்டு பஸ் மாறி எரியோட்டில் இறங்கி, வேலியில் ஒவ்வொரு பெண் பூவாக மகரந்தத்தைத் தடவினேன். தடவிய பதினேழு பூவிலும் காளியம்மாள் சிவப்பு நூல் கட்டினார்.

பதினொன்று உதிர்ந்தது. ஆறு நின்றது. வாராவாரம் போய்ப் பார்த்தேன். காய் பருத்து, பச்சை மாறி, ஒருநாள் ஆறும் செக்கச்செவேலென்று தொங்கின. நானும் காளியம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு அந்த எட்டடி வேலி முன்னால் நின்றோம். அந்த விதைகளில் முளைத்த நாற்றுகள் இன்று கரட்டிலும், எரியோட்டைச் சுற்றிப் பல வேலிகளிலும் படர்ந்திருக்கின்றன. அன்றைக்குக் காளியம்மாள் காய்களை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை டிபன் பாக்ஸுலதேன் வந்தாரு. ஆனா பாருங்க, ஆறு புள்ளை."

சக கொடிதேடிகளே, கல்லூரிப் பதிவேட்டில் நான் கள உதவியாளர்தான் என்றாலும், எரியோட்டில் இன்றும் என்னைக் கல்யாணத் தரகர் என்றே அறிமுகப்படுத்துகிறார்கள்.